கம்மியனும் கைப்பொருளும்: காப்பியத்திலும் கதையாட்டத்திலும்

மரத்தையும் கல்லையும் உலோகத்தையும் தன் கைக்கு இணங்கச் செய்யும் கம்மியனிடத்து மாந்தர் தொன்றுதொட்டு இருவேறு உணர்ச்சிகளைக் கொண்டு வந்துள்ளனர். ஒன்று வியப்பு, மற்றையது ஐயம். இவ்விரண்டும் ஒருங்கு கூடுமிடத்தே மாயக் கம்மியன் என்னும் கதைமாந்தன் தோன்றுகின்றான். வடமொழி இதிகாசங்களில் வரும் மயனும் விசுவகருமனும், கிரேக்கர் கதைகளில் வரும் டெடலசும், வட ஐரோப்பியர் கதைகளில் வரும் வேலண்டு என்னும் கொல்லனும் இவ்வினத்தைச் சேர்ந்தோராவர். தமிழ்க் காப்பியங்களிலும் இவனுக்கு இடமுண்டு. அவ்விடம் எத்தகையது என்பதும், அதனின்று இக்காலத்துக் கதை புனைவோர் கற்கத்தக்கது யாது என்பதும் ஆராயத்தக்கனவாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் அமைவது ஒரு புதிய கலைவடிவம். 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவிற் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கதை நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொள்வர். பாத்திரம் யாது செய்ய முயல்கின்றது என்பதை ஆடுவோர் சொல்லால் உரைப்பர். முயற்சி ஐயத்துக்கிடமானதாயின், இருபது முகமுடைய பகடை முடிவு கூறும். அரங்கும் ஒப்பனையும் முன்னரே எழுதிய உரையும் இதற்கு வேண்டா. கூத்தும் சூதாட்டமும் கதைசொல்லலும் கலந்த இதனை மேசைக் கதையாட்டம் எனலாம்.

இவ்வாட்டத்தில் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வகுப்பைச் சார்ந்தது. போர்வீரன், மந்திரவாதி, கள்வன் என இவ்வகுப்புகள் பல. இன்ன வகுப்பினன் இன்னது செய்ய வல்லன், இன்னது மாட்டான், அவன் ஆற்றல் இவ்வாறு வளரும் என நூல் விதி வகுக்கும். ஆதலின் வகுப்பு அமைத்தல் என்பது பாத்திரப் படைப்புக்கு இலக்கணம் கூறுதலேயாம். நாடகத் தலைவனுக்கு இலக்கணம் வகுத்தோரை மதிப்பிடும் திறனாய்வு இவ்விலக்கணத்தையும் மதிப்பிடலாம், அதிற் பிழையில்லை.

புதிய நூலில் மாயக் கம்மியன்

இவ்வாட்டத்தில் மாயக் கம்மியனுக்கு ‘ஆர்ட்டிஃபிசர்’ என்று பெயர். 1996 ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு துணைநூலில் அவன் மந்திரவாதியின் ஒரு கிளையாகவே தோன்றினான். கீத் பேக்கர் என்பார் வகுத்த ‘எபெரோன்’ என்னும் கற்பனை உலகின் நூல் 2004 இல் வெளிவந்தபோதே அவன் தனி வகுப்பினன் ஆயினன்.

அக்காலத்து விதிகள் கருதத்தக்கன. மாயப்பொருள் ஒன்றைச் செய்வோன் அதன் விலையிற் பாதியை மூலப்பொருளுக்குச் செலவிடல் வேண்டும். ஆயிரம் பொற்காசு பெறுமதிக்கு ஒரு நாள் வீதம் உழைத்தல் வேண்டும். தான் ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதியையும் இழத்தல் வேண்டும். அனுபவத்தையே விலையாகக் கொடுத்தல் என்பது ஆழ்ந்த கருத்து. ஒவ்வொரு பொருளிலும் செய்தவனின் வாழ்நாட் சிறுகூறு ஒன்று உறைகின்றது என்பதை அது ஆட்டத்தின் மொழியிற் கூறிற்று. எனினும் கம்மியன் ஏனையோரைவிடப் பின்தங்கிவிடுவான் என அஞ்சி, அவ்விழப்பை ஈடுசெய்யத் தனிச் சேமிப்பொன்றையும் அந்நூலே அவனுக்கு வழங்கிற்று.

2019 இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கம்மியன் வேறுபட்டவன். அவன் மந்திரங்களை ஓதுபவன். ஆனால் ஓதுங்கால் கையிற் கருவி இருத்தல் வேண்டும். மந்திரத்தின் விளைவைக் கருவியின் வேலையாக வருணித்துக்கொள்ளுமாறு நூல் ஆடுவோனுக்கு அறிவுரை கூறுகின்றது. சாதாரணப் பொருள்களில் அவன் மாய ஆற்றலை ஏற்றவும் கூடும். ஓர் இரவு உறங்கி எழும்போது அவ்வேலை முடிந்துவிடும். இரண்டாம் படியில் ஒரே வேளையில் இரண்டு பொருளுக்கும் இருபதாம் படியில் ஆறு பொருளுக்கும் ஏற்றலாம்; அளவு மிகுந்தால் மிகப் பழைய பொருள் ஆற்றல் இழக்கும். செய்தவன் இறந்தாலோ சில நாளில் அனைத்தும் ஆற்றல் இழக்கும்.

இவ்விதிகள் எளியன, சண்டைக் காட்சிகளில் அனைவர்க்கும் ஒத்த வாய்ப்பைத் தருவன. ஆயினும் இவற்றாற் படைக்கப்பட்டவன் கம்மியன் தானோ என்ற வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காணத் தமிழ்க் காப்பியங்கள் துணைசெய்யும்.

மயிற்பொறி

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் தன் முடிவை உணர்த்தும் தீக்கனவொன்றைத் தேவி விசயை வாயிலாகக் கேட்கின்றான். கருவுற்ற தேவியைக் காக்கக் கருதிய அவன், வானிற் செல்லும் பொறியொன்றைச் செய்யுமாறு வல்ல கம்மியன் ஒருவனைப் பணிக்கின்றான்.

கம்மியன் கொண்ட பொருள்களைப் புலவர் எடுத்துரைக்கின்றார்: துணிகள், பிசின், நூல், அரக்கு, மெழுகு, இவற்றோடு வேண்டிய பிற. பொன்னும் மணியும் இப்பட்டியலில் முதன்மை பெறவில்லை என்பது நோக்கத்தக்கது. கடைத்தெருவிற் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு, ஏழு நாளில், அவன் பறக்கும் மயிலொன்றை அமைத்தான். பின்னர் உயிருள்ள மயிலொன்றையும் பொறிமயிலையும் ஒருங்கே கொண்டுசென்று, இவற்றை வேறு பிரித்து அறிந்தருளுமாறு மன்னனை வேண்டினான். மன்னன் மகிழ்ந்து பெரும் பொருள் வழங்கினான். அதன்பின் கம்மியன் காப்பியத்தினின்றும் மறைகின்றான்.

மறைந்தவனின் திறன் இனிமேற்றான் வெளிப்படுகின்றது. விசயை பொறியைச் செலுத்தக் கற்கின்றாள். வலப்புறம் திருகினால் மயில் மேகத்தைக் கிழித்து மேலெழும்; இடப்புறம் திருகினால் இறங்கிக் கால் குவித்து அமரும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில், நிறைமாதக் கர்ப்பிணியாகிய அவள் தனியே மயிலேறிச் செல்கின்றாள். வானிற் செல்லுங்கால் மன்னன் பட்டமையை உணர்த்தும் பகைவனின் முரசொலி செவியிற் படுகின்றது. அவள் மயங்குகின்றாள். செலுத்துவார் இல்லாத மயில் பஞ்சின்மேல் வீழ்வதுபோல் மெல்ல இறங்கி, நகர்ப்புறத்துச் சுடுகாட்டிற் கால் குவித்து அமர்கின்றது. அங்கே சீவகன் பிறக்கின்றான்.

இவ்விடத்தை மீண்டும் நோக்குக. பொறியை ஏவிய மன்னன் மாண்டான். செலுத்திய தேவி அறிவிழந்தாள். செய்த கம்மியன் அருகில் இல்லை. ஆயினும் மயில் நொறுங்கவில்லை. ஓட்டுபவள் கை தளரக்கூடும் என்று எண்ணிச் செய்தவன்போல அக்கம்மியன் அதனை அமைத்திருந்தான். காப்பியத் தலைவன் உயிர் பிழைத்தது அம்முன்னுணர்வினால். அதே வேளையில், இறங்கும் இடம் சுடுகாடு என்பது கம்மியனின் ஆட்சிக்கு அப்பாற்பட்டது. மென்மையாக இறங்குதல் கலையின் செயல். எங்கே இறங்குவது என்பது ஊழின் செயல். கைத்திறனின் ஆற்றலையும் எல்லையையும் ஒரே காட்சியில் இத்துணைத் தெளிவாகக் காட்டிய இடம் தமிழில் வேறு காண்டல் அரிது.

யாழ் கேளா யானை

கொங்குவேளிரின் பெருங்கதை இதற்கு மறுதலையான பொறியொன்றைக் காட்டுகின்றது. உதயணன் கோடபதி என்னும் யாழால் மதங்கொண்ட யானையையும் அடக்க வல்லவன். அவனைச் சிறைபிடிக்க விரும்பிய உஞ்சை வேந்தன் பிரச்சோதனன், உள்ளே வீரரை ஒளித்த யானைப் பொறியொன்றைக் காட்டில் நிறுத்தினான். நூலின் முற்பகுதி கிடைத்திலது. எனினும் இந்நிகழ்ச்சி பிற்பகுதிக் குறிப்புகளால் அறியப்படுவதே. உயிருள்ள யானை யாழுக்கு உருகும், பொறியானைக்குச் செவியில்லை. உதயணனின் பெருந்திறன் எதுவோ அதுவே அவனுக்குப் பொறியாயிற்று. பகைவனின் வலிமையை அளந்து, அவ்வலிமை பயன்படாத வடிவைத் தேர்ந்தமையே இக்கம்மவினையின் நுட்பம்.

அக்காப்பியத்திலேயே வாசவதத்தையின் வயாவைத் தீர்க்க வானூர்தி வேண்டப்படுகின்றது. அதனை அமைத்துத் தரத் தச்சன் வடிவில் வருவது பத்திராபதி. முன்னே உதயணனை உஞ்சையினின்று சுமந்துசென்று உயிர்விட்ட பெண்யானை அதுவே. ஆகவே இவ்வூர்தி விலைக்குச் செய்யப்பட்டதன்று. பழைய உறவொன்றின் தொடர்ச்சி. ஒரே காப்பியத்தில் ஒரு பொறி வஞ்சனையாலும் மற்றொன்று அன்பாலும் பிறக்கின்றன. இரண்டையும் உருவாக்கிய தொழில் ஒன்றே என்பது கருதற்பாலது.

சிலம்பும் பொற்கொல்லனும்

சிலப்பதிகாரத்தில் இருவகைக் கைத்தொழிலைக் காணலாம். அடைக்கலக் காதையில் மதுரை மதிற்பொறிகள் அணிவகுக்கின்றன: தானே வளைந்து எய்யும் வில், கருவிரற் குரங்குப் பொறி, கல் உமிழும் கவண், மதிலைப் பற்றுவார் கையைப் பொதிர்க்கும் ஊசி, பகைவர்மேற் சென்று கண்ணைக் கொத்தும் சிச்சிலிப் பொறி முதலியன. அடியார்க்குநல்லார் இவற்றுட் பலவற்றை விளக்கியுள்ளார். அஞ்சத்தக்க இப்பொறிகள் அனைத்தும் கதையின் நெருக்கடியிற் பயன்படவில்லை. மதுரையை எரித்த தீ மதிலுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. மதிலுக்குள்ளே ஒரு பொற்கொல்லன் பேசிய பொய்யிலிருந்து அது பிறந்தது.

அப்பொற்கொல்லன் நூறு கொல்லர் பின்வர நடப்பவன். அரண்மனையின் மதிப்பைப் பெற்றவன். தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். உடனே அவன் கள்வர்க்குத் துணையாவன எட்டென்று எண்ணி உரைக்கின்றான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. கதையாட்ட நூலின் வகுப்பு இலக்கணம் போன்றே இப்பட்டியல் அமைந்திருப்பது வியப்புக்குரியது. ஆனால் இளங்கோவடிகள் இதனைக் கள்வனின் இலக்கணமாக வைத்தாரல்லர். கொல்லனின் வஞ்சச் சொல்லாக வைத்தார். கைத்தொழிலுக்குரிய துல்லியம் நாவில் ஏறி, உலையும் குறடும் செய்யாத கொலையைச் செய்து முடித்தது.

சிலம்பு தானும் ஒரு கைப்பொருளே. கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். தேவியின் சிலம்பின் பரல் முத்து. புறத்தே ஒத்திருந்த இரண்டும் அகத்தே வேறுபட்டன. ஆட்டத்தின் கணக்கேட்டில் இச்சிலம்பு மாய ஆற்றல் எதுவுமில்லாத அணிகலன் என்றே பதியப்படும். ஆயினும் அது உடைந்தபோது ஓர் அரசு உடைந்தது. புகாரிற் சிலம்பைச் செய்து உள்ளே மாணிக்கம் இட்ட கம்மியன் யாரென்று காப்பியம் கூறவில்லை. மதுரைக் கொல்லனின் பொய்யை வெல்ல முன்கூட்டியே சான்று வைத்தவன் அவனே. காப்பியத்தில் தீய கொல்லன் பேசுகின்றான். நல்ல கொல்லனின் வேலை பேசுகின்றது.

இலங்கையிற் கண்திறக்கும் கை

இக்கருத்து ஏட்டிலுள்ள கற்பனை மட்டுமன்று. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், புத்தர் படிமத்துக்குக் கண் எழுதும் சடங்கு விரிவாகக் கூறப்பட்டுள்ளது. சிற்பி அக்கண்ணை நேரே நோக்கான்; கண்ணாடியிற் பார்த்து எழுதுவான். எழுதி முடித்தபின் அவனது முதற்பார்வை தீங்கு பயக்கும் எனக் கருதி, கண்ணை மூடி வெளியே அழைத்துச் செல்வர். சைவக் கோயில்களிலும் படிமத்துக்குக் கண் திறக்கும் முறை உண்டு.

இச்சடங்கின் அமைப்பு கதை புனைவோர்க்கு அரியதொரு பாடம். சிற்பி பலநாள் செய்தது உளியின் வேலை. ஒரு முகூர்த்தத்திற் செய்வது உயிர்ப்பிக்கும் வேலை. அதற்குக் காலம் குறிக்கப்படுகின்றது, இடர் உள்ளது, அவ்விடரைச் சிற்பியே ஏற்கின்றான். அதன்பின் படிமம் அவனுடையதன்று. கண் திறந்தவனும் ஏனை அடியார்போல் அதன்முன் வணங்கி நிற்பான்.

மதிப்பீடு

மேற்கூறிய காட்சிகள் அனைத்துக்கும் பொதுவானதொன்று உண்டு. கைப்பொருள் செய்தவனை விட்டுப் பிரிகின்றது. பிரிந்தபின்னரே அதன் கதை தொடங்குகின்றது. மந்திரவாதியின் ஆற்றல் அவனோடு நடக்கும். அவன் வாய் மூடின் மந்திரமும் மூடும். கம்மியனின் ஆற்றலோ அவன் இல்லாதவிடத்திலும் நின்று செயற்படும். இவ்விருவரையும் வேறுபடுத்தும் எல்லைக்கோடு இதுவே.

இவ்வளவுகோலால் அளக்குங்கால் 2019 ஆம் ஆண்டின் வகுப்பு குறைபடுகின்றது. செய்தவன் மாண்டால் பொருளும் மாளும் என்னும் விதி, பொருளைச் செய்தவனின் மூச்சோடு கட்டிவிடுகின்றது. அவ்விதி சச்சந்தனின் அரண்மனையில் நிலவியிருப்பின், கட்டியங்காரன் ஒரு கம்மியனைத் தேடிக் கொன்றாற் போதும்; சில நாளில் மயில் வெறுந் துணியும் மெழுகும் ஆகியிருக்கும். கருவியை மந்திரக்கோலாகவும் வேலையை உறக்கமாகவும் மாற்றியமையால், கம்மியனின் உடையை அணிந்த மந்திரவாதியே மேசையில் அமர்கின்றான்.

2004 ஆம் ஆண்டின் வகுப்பு உண்மைக்கு அண்மையது. அதிற் பொருளும் நாளும் இழப்பும் இருந்தன. ஆனால் மூலப்பொருள் யாவும் பொற்காசாகவே எண்ணப்பட்டன. செட்டியார் தெருப் பட்டறை ஒன்றில் உமியோட்டின் முன் அமர்ந்து, பற்றுப்பொடி இட்டு, ஊதுகுழலாற் சுடரை வளைத்து ஊதும் பத்தரை நோக்கிய மாணவன் ஒன்றை அறிவான்: பொடியின் அளவு மிகுந்தாலும் சுடர் ஒரு கணம் நீண்டாலும் வேலை கெடும். பொடிவைத்துப் பேசுதல் என்னும் வழக்கும் இத்தொழிலிலிருந்தே வந்தது என்பர். இந்நுட்பங்களை ஆயிரம் பொற்காசு என்னும் ஒற்றை எண்ணில் அடக்கினால், பட்டறை மறைந்து பணப்பெட்டி மட்டுமே எஞ்சும்.

வகுப்பு அமையும் முறை

பாமன்கடையிலோ கொட்டாஞ்சேனையிலோ இளைஞர் சிலர் மேசையைச் சூழ்ந்தமர்ந்து தமக்கென ஒரு கம்மிய வகுப்பை அமைக்கப் புகின், அவர் கருதத்தக்க விதிகள் நான்கு எனலாம்.

முதலாவது, பொருள். ஒவ்வொரு பொறிக்கும் பெயர் சுட்டிய ஐந்தாறு மூலப்பொருள் வேண்டும். அவற்றுள் ஒன்றாயினும் தேடிச்சென்று பெறவேண்டியதாதல் நன்று. அரக்குக்காகக் காட்டுக்குச் செல்வதே ஒரு கதையாகும்.

இரண்டாவது, காலம். மயிலுக்கு ஏழு நாள் ஆயின், ஆறாம் நாளிற் பகைவர் வந்தால் யாது நிகழும் என்பதை விதி கூறல் வேண்டும். குறைவேலைப் பொறி பறக்கலாம். ஆனால் மென்மையாக இறங்காது. எதனை விட்டுவிடுவது என்று கம்மியனை ஆடுவோன் தேர்ந்தெடுக்கும் அக்கணத்தில் பாத்திரம் உயிர்பெறும்.

மூன்றாவது, பயிற்சி. பொறியைப் பெறுவோர் அதனைக் கற்றல் வேண்டும். பகடையை உருட்டுவோர் செலுத்துவோரே. ஆயின் செலுத்துவோர் தவறுமிடத்து, கம்மியன் முன்னுணர்ந்து அமைத்த காப்பு ஒன்று வெளிப்படல் வேண்டும். பொறியைச் செய்யும்போதே அக்காப்பு யாதென எழுதி மடித்து வைத்து, இடர் நேர்ந்தபோது பிரித்துப் படிக்கலாம். இது பகடையினும் சுவை மிக்க விதியாகும்.

நான்காவது, கைமாற்றம். கம்மியன் தான் செய்ததைத் தானே வைத்துக்கொள்வதால் வளர்தல் ஆகாது. பிறர்க்குக் கொடுப்பதால் வளர்தல் வேண்டும். கொடுத்தபின் அப்பொருள் எக்கைக்குச் செல்லும், எதற்குப் பயன்படும் என்பது அவன் ஆட்சியில் இல்லை. யானைப்பொறி செய்தவனும் மயிற்பொறி செய்தவனும் ஒரே வகுப்பினர் என்னும் அறநெருக்கடி அப்போதே மேசைக்கு வரும்.

இவ்விதிகளுக்கு ஒரு தடை கூறப்படலாம். ஏனையோர் வாளும் மந்திரமும் கொண்டு போரிடும் மாலைப்பொழுதிற் கம்மியனை ஆடுவோன் மட்டும் ஏழு நாள் முடியக் காத்திருப்பானோ என்பர். இத்தடை வலியது. உறக்கத்தில் வேலை முடியும் விதி பிறந்ததும் இதன் பொருட்டே. ஆட்டம் என்பது கூடியிருந்து மகிழ்தற்குரியது. ஒருவனைச் சும்மா இருத்தும் இலக்கணம், எத்துணை உண்மையாயினும், ஆட்டத்துக்கு ஆகாது.

இத்தடைக்கு விடை கூறுபவன் நளன். வான்மீகி இராமாயணத்தில் விசுவகருமனின் மகனாகிய இவன், இலங்கையை நோக்கிக் கடலில் அணை கட்டுகின்றான். முதல் நாள் பதினான்கு யோசனை. அடுத்த நாள்களில் இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று. ஐந்து நாளில் நூறு யோசனை நிறைகின்றது. நாளுக்கு நாள் எண் உயர்வதை நோக்குக. வானரர் கல்லும் மரமும் கொணர்கின்றனர். சிலர் கயிறு பிடிக்கின்றனர். நளனின் கலை வேலையைப் பகிர்ந்தளிக்கும் கலையாகின்றது. கம்பரின் நளனோ வானரர் எறியும் மலைகளை ஏந்திப் பொருத்துகின்றான். இங்கே கம்மியன் தனித்துப் பட்டறையில் இல்லை. படை முழுவதும் அவன் பட்டறை.

ஆகவே கம்மியன் செயற்படும் பொழுதுகளில் ஏனைப் பாத்திரங்களின் கைகளே அவன் கருவிகள் ஆதல் வேண்டும். வீரன் மரம் பிளக்க, கள்வன் பூட்டின் வழி நூல் செலுத்த, பாணன் தாளத்தால் உழைப்பை ஒழுங்குபடுத்த, ஒரே இரவிற் பாலமோ வாயிலோ எழலாம். பகைவரின் பொறியைக் கண்டவிடத்து அதன் உள்ளமைப்பை அறிந்து கூறுவோனும் அவனே. உதயணன் பக்கத்தில் ஒரு கம்மியன் நின்றிருப்பின், அந்த யானை மூச்சுவிடவில்லை என்று சொல்லியிருப்பான். இங்ஙனம் அமைந்தாற் காத்திருத்தல் என்னும் குறை நீங்கும். மந்திரவாதியின் உடையை இரவல் வாங்க வேண்டிய தேவையும் நீங்கும்.

பெயர்

இறுதியாகக் காப்பியங்களின் குறை ஒன்றையும் கூறாது விடுதல் நடுநிலை ஆகாது. சிந்தாமணி மன்னனுக்கும் தேவிக்கும் பகைவனுக்கும், குழந்தையை எடுத்து வளர்த்த வணிகன் கந்துக்கடனுக்கும் பெயர் கூறுகின்றது. மயில் செய்தவனுக்குப் பெயர் இல்லை. சிலம்பு செய்தவனுக்கும் இல்லை. மணிமேகலை பூம்புகார் அரசனது பூங்கா மண்டபத்தைச் சமைத்தோரை மகதர், மராட்டர், அவந்தியர், யவனர், தமிழர் என நாட்டாற் பிரிக்கின்றது. ஒருவனையும் பெயராற் சுட்டவில்லை. சிறப்பு மிக்க வேலை எதுவாயினும் மயன் செய்தது என்று கூறிவிடுதல் புலவர் வழக்கு. அது புகழ்ச்சி போலத் தோன்றினும், உழைத்த மனிதனின் உரிமையைத் தெய்வத்துக்கு எழுதிக்கொடுக்கும் செயலே. கல் இவ்வகையிற் கவிதையினும் நேர்மை உடையது: 1010 இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, குஞ்சரமல்லனாகிய இராசராசப் பெருந்தச்சன் என்று தச்சனின் பெயரைக் கூறுகின்றது.

இங்கேதான் புதிய ஆட்டம் பழைய காப்பியத்துக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. மேசையில் அமரும் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் தரப்படும். அதன் தலைப்பில் வகுப்புக்கும் படிக்கும் அருகே ஓர் இடம் விடப்பட்டிருக்கும். அரசனாயினும் கொல்லனாயினும் அவ்விடத்தை நிரப்பாமல் ஆட்டம் தொடங்குவதில்லை. அது பாத்திரத்தின் பெயருக்குரிய இடம். காப்பியம் அறிந்த கைவினை நுட்பமும் ஆட்டம் அளிக்கும் அப்பெயரும் ஒருங்கு கூடின், மாயக் கம்மியன் என்னும் பாத்திரம் முழுமை பெறும். அத்தகைய வகுப்பொன்றை அமைக்கும் இளைஞர், விளையாட்டுக்கு விதி எழுதுவதோடு, ஏழு நாள் உழைத்துப் பொன் பெற்று மறைந்த ஒருவனைக் கதைக்குள் மீண்டும் அழைத்து வருவோராவர்.